பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஆர்ஜியா

பொய். ஆர்ஜியா ஸ்டேஷன் மாஸ்டரோடு ஓடிப்போனாள் என்பது சுத்தப் பொய். பால்கடை செசிரா அதை எத்தனை பேரிடம் சொன்னாலும் பொய்தான். நேற்றுக் காலை கடையில் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"அறுபது வயசுல அமெரிக்கா கேக்குதாம் அவளுக்கு. தையல் மிஷினை வித்துட்டு, அந்தாளு கையைப் புடிச்சுக்கிட்டு கப்பல் ஏறிட்டா. அடுப்பைக்கூட அணைக்கல. அவ்வளவு அவசரம்!"

"மாஸ்டரு கொஞ்சம் முன்னாடிதானேடி உன்கிட்ட பால் வாங்கிட்டுப் போனாரு? அப்போ கப்பல்ல போனது யாரு, அவரோட தொப்பியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செசிரா விடுவாளா?

"அவரு பின்னாடி போவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து போனா ஊரு பேசும்ல?"

"ஊருன்னா யாரு? நீதான். உன் ஒருத்தி வாய்க்குப் பயந்துதான் அவ கடல் தாண்டணுமா?"

பாலை வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். குறுக்கே பேசாதவள் என்பதால் அவளிடம் சொல்கிறேன். ஆர்ஜியாவும் நானும் ஒரே முற்றத்தில், மாடியில் ஒரே கம்பித் தாழ்வாரத்தில், ஒட்டிய சுவரில் வாழ்ந்தவர்கள். அவள் வீட்டில் வெங்காயம் வதங்கினால் என் கண் எரியும். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

முதலில் அந்த விரிப்பு. அவள் சுவரில் தொங்கியதை செசிரா "சூனியக்காரி கந்தல்" என்கிறாள். அது ஆர்ஜியா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த படுக்கை விரிப்பு. நல்ல லினன். அதன்மேல் வரிசை வரிசையாக உள்ளங்கை அகலத் துணித் துண்டுகளைத் தைத்திருந்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே சிவப்பு நூலில் ஓர் எண். ஒன்றில் தொடங்கி இருபத்து மூன்றில் முடியும். எங்கள் லுசார்தி தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து மூடிய நாள் வரை செய்த விமான ரகங்கள் அத்தனையும் அதில் இருந்தன. லுசார்தி ஒன்று, லுசார்தி இரண்டு என்றுதான் முதலாளி பெயர் வைப்பார். அழகான பெயர் யோசிக்கத் தெரியாத மனிதர்.

அந்தத் துண்டுகள் விமானங்களின் தோல். அந்தக் காலத்து இறக்கைக்கு மரத்தால் சட்டம்தான் இருக்கும், மீனின் முள்ளைப் போல. அதன்மேல் துணியை உறையாக இழுத்து மாட்டி, வளைந்த ஊசியால் தைப்போம். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி. பிறகு வார்னிஷ் பூசினால் துணி மேளத் தோலாக இறுகும். அந்த வார்னிஷ் அழுகிய பேரிக்காய் மாதிரி நாறும். தலை சுற்றும். அதற்கு மருந்தென்று தினமும் ஆளுக்கு ஒரு குவளை பால் கொடுப்பார்கள். துணிக் கொட்டகையில் நாங்கள் எல்லோரும் பெண்கள். கடைசித் தையலை மூடுவதற்கு முன்னால், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், உள்ளே ஒரு லொரேட்டோ மாதா பதக்கத்தைச் சிவப்பு நூலில் கட்டிவைப்போம். பறக்கிறவர்களுக்கு அவள்தானே துணை? ஆபீஸுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

ஆர்ஜியா வேலைக்குச் சேர்ந்தபோது பதினோராவது ரகம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தியவற்றின் துண்டுகளை அவள் பின்னால்தான் தேடிப் பிடித்தாள். தேடின கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாம் ரகத்தின் துணி ஒரு கிழவியின் வீட்டில் மேசை துடைக்கும் துணியாக இருந்தது. அதற்கு ஒரு கோழியைக் கொடுத்து வாங்கினாள். நாலாவது ஒரு தொட்டிலுக்குள் விரிப்பாகக் கிடந்தது. குழந்தை வளர்ந்து ராணுவத்துக்குப் போகும்வரை காத்திருந்தாள். ஐந்தாவது ஏரியில் இறங்கும் விமானம், அதன் துணி பலகை மாதிரி விறைத்திருக்கும். பன்னிரண்டாவது ஒன்றே ஒன்றுதான் செய்தது, மிலானில் ஒரு பிரபுவுக்கு, மஞ்சள் நிறத்தில். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த விரிப்பைத் தடவிப் பார்த்து எது எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரே ஓர் இடம்தான் வெறுமையாக இருக்கும். பதினாறுக்கு அடுத்து ஒரு கட்டம் காலி. அதன் பிறகு பதினெட்டு.

பதினேழு எங்கே என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பதினாறாம் எண் வீட்டுக்கு அடுத்தது பதினாறு ஏ, அதற்கடுத்தது பதினெட்டு. அந்த எண் சாவு எண். அதைப் போட்டுக் கதவு மாட்டியவன் எவனும் இங்கே நன்றாக இருந்ததில்லை. என் மருமகளுக்கு இதில் நம்பிக்கை கிடையாதாம். அவள் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது பதினேழாம் தேதியைத் தள்ளிப் பதினெட்டை எடுத்தவள் அவள்தான். போகட்டும்.

ஆர்ஜியாவின் கணவன் தெல்ஃபினோ. தொழிற்சாலையில் புது விமானங்களை முதலில் ஓட்டிப் பார்க்கிறவன். கால்சட்டை கிழிந்தது என்று துணிக் கொட்டகைக்கு வந்தான். ஆர்ஜியா தைத்துக் கொடுத்தாள். மறுவாரமும் அதே இடத்தில் கிழிந்தது. மூன்றாவது தடவை அவன் வந்தபோது நான்தான் சொன்னேன், "தம்பி, இனி துணி தாங்காது, நேரா அவங்க அப்பாகிட்ட போய்க் கேளு."

அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் தொழிற்சாலையில் பதினாறாம் ரகம்தான் சக்கைப்போடு போட்டது. அதற்கு ஊரில் வைத்த பெயர் "பசு". அவ்வளவு சாது. குண்டு இறக்கை. இறக்கையின் வேர்ப்பக்கம் உள்ளே கைவிட்டால் முழங்கை வரை போகும். எந்தத் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொண்டு தானாகவே நேராகிவிடும் என்பார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் வாங்கினார்கள்.

அதற்கடுத்து ஒரு புது ரகம் வந்தது. அதன் முதல் இறக்கைச் சட்டத்தைக் கொட்டகைக்குள் தூக்கிவந்து வைத்தபோது, கட்டையில் கரியால் 17 என்று எழுதியிருந்தது. எழுத்து தெரியாத எனக்கும் அந்த எண்ணைத் தெரியும். எல்லோரும் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை நின்றுவிட்டது. அன்றைக்குச் செசிராவுக்குப் பதினாலு வயது, எங்களுக்கு நூல் கோத்துத் தருகிற பெண். அவளும் நூல்கண்டைக் கீழே வைத்தாள். இன்று கேட்டால் நான் அங்கே இல்லவே இல்லை என்பாள்.

மேஸ்திரி பல்தசாரே வந்தார். "என்ன, எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? இன்னிக்கு எந்தச் சாமிக்குத் திருநாளு?"

ஆர்ஜியாதான் பேசினாள். "நம்பரை அழிங்க மேஸ்திரி. அழிச்சா ஊசி எடுப்போம்."

"அது ஆபீஸ் குடுத்த நம்பரு. அதை அழிக்க நான் யாரு?"

"அப்போ ஆபீஸ்காரங்க வந்து தைக்கட்டும். இதை முதல்ல ஓட்டப்போறது என் புருஷன். பதினேழைத் தைச்சு அதுல அவரை ஏத்திவிட மாட்டேன்."

"காத்துல பறக்குற மிஷின் செய்யிற இடம்மா இது. ஒரு நம்பருக்குப் பயந்தா வெளியில சிரிக்க மாட்டாங்க?"

நான் கேட்டேன், "உங்க வீட்டு நம்பரு என்ன மேஸ்திரி?"

அவர் ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார். பதினாறு ஏ அவருடைய வீடு.

கடைசியில் முதலாளி லுசார்தியே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றாமல் கேட்டார். கரியால் எழுதியிருந்ததைப் பார்த்தார். பார்த்ததும் கை தானாகப் பக்கத்து மேசையின் இரும்புப் பிடியைத் தொட்டது; கெட்டது அண்டாமலிருக்க இரும்பைத் தொடுவது எங்கள் வழக்கம். நான் என் கண்ணால் பார்த்தேன். "சரி, இது பதினாறு பிஸ். இன்னொரு பதினாறு. போதுமா? தையுங்க," என்றார். எண்ணை அழித்தார்கள், நாங்கள் கை தட்டினோம். அன்று அந்த இறக்கைக்குள் மாதாவைக் கட்டும் முறை என்னுடையது. ஆர்ஜியா என்னிடம் கேட்டு வாங்கி அவளே கட்டினாள்.

அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆர்ஜியாவும் தெல்ஃபினோவும் உள்ளே பேசியது காதில் விழுந்தது.

"உன் வேலையாடி இது? பதினாறு பிஸ்ஸாம். அது பதினாறே இல்ல. இறக்கையைப் பாத்தேல்ல, கத்தி மாதிரி இருக்கு."

"கத்தியா இருந்தா என்ன? பதினேழு இல்லைல்ல?"

"இல்ல தாயே, பதினேழு இல்ல."

"அது போதும் எனக்கு. வந்து சாப்பிடு."

இறக்கை கத்தி மாதிரி இருந்தது உண்மை. நாங்கள்தானே தைத்தோம்? பசுவுக்குள் முழங்கை வரை போகும் என்றேனே, இதில் மடக்கிய கை மட்டும்தான் நுழையும். அவ்வளவு ஒல்லி. முற்றிலும் வேறு பிறவி. அந்த மாதிரி இரண்டே இரண்டு செய்தோம். இரண்டிலும் மாதாவைக் கட்டியது ஆர்ஜியாதான்.

முதலாவதை தெல்ஃபினோ வசந்த காலத்தில் எடுத்தான். ஏரிக்கரையில் எல்லோரும் நின்றோம். கோயில் மணிக்கூண்டுக்கு மேலே திரும்பினான். திரும்பும்போது ஒரு பக்க இறக்கை சட்டென்று கீழே சரிந்தது. பசுவாக இருந்தால் தானே நிமிர்ந்திருக்கும். இது நிமிரவில்லை. நாணற்காட்டுக்குள் போய் விழுந்தது.

இறக்கைத் துணியில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டை ஆர்ஜியா வழக்கம்போல் எடுத்துவைத்திருந்தாள். அதைச் சவப்பெட்டியை மூடும் முன் அவன் சட்டைப் பைக்குள் வைத்தாள். விரிப்பில் அந்தக் கட்டம் காலியாக இருப்பது அதனால்தான்.

பிறகு ஆபீஸ் விசாரணை நடத்தியது. விழுந்த விமானம் எந்த ரகம்? பதினாறு. பதினாறு எப்படிப்பட்டது? உலகத்தில் அதைவிடச் சாது கிடையாது. அப்படியானால் தப்பு யாருடையது? ஓட்டியவனுடையது. அன்று காலை தெல்ஃபினோ கிராப்பாச் சாராயம் ஊற்றிய காபி குடித்திருந்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். யார் குடிக்கவில்லை? பூசை முடிந்து எங்கள் சாமியாரே அதைத்தான் குடிப்பார். ஆனால் மிச்சமிருந்த இன்னொரு பிஸ்ஸை விற்க வேண்டுமே? விழுந்தது புது ரகம் என்றால் யார் வாங்குவார்கள்? அதையும் நல்ல பிள்ளையாகப் பதினாறு என்றே சொல்லி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏதோ ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஊரில் தெல்ஃபினோவுக்குப் பெயர், "பசுவிலிருந்து விழுந்தவன்". மதுக்கடையில் எவனாவது குடித்துத் தடுமாறினால், "பாத்துடா, பசுவுலேர்ந்து விழுந்துடப்போற" என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். ஆர்ஜியா அதைக் கேட்டுக்கொண்டே தெருவில் நடப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள், மாவு பிசைந்துகொண்டிருந்தோம்:

"நான்தானேக்கா நம்பரை மாத்தினேன்? அவரைக் காப்பாத்தணும்னு மாத்தினேன். பதினேழுன்னு இருந்திருந்தா, புது மிஷினை ஓட்டிச் செத்தான்னு சொல்லியிருப்பாங்க. இப்போ குடிகாரன்ங்கிறாங்க."

"பதினேழுன்னு இருந்திருந்தா நான் மட்டும் தைச்சிருப்பேனா? யாருமே தைச்சிருக்க மாட்டோம். சும்மா உளறாதே, மாவைப் பிசை."

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எண்ணை அழித்தது சரிதான். அதை வைத்து ஒருவனைக் குடிகாரனாக்கியது ஆபீஸ்காரர்கள். அதற்கு எங்கள் ஊசி பொறுப்பில்லை.

விரிப்பை அவள் தைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு ரகமும் இன்னொன்றில்லை, தனித்தனி என்று துணியால் காட்ட வேண்டும் அவளுக்கு. யாரிடம் காட்ட? அது அவளுக்கே தெரியாது. போர் வந்தது, தொழிற்சாலையில் குண்டு விழுந்தது, காகிதமெல்லாம் எரிந்தது. இப்போது அதே இடத்தில் குளிர்பெட்டி செய்கிறார்கள். விரிப்பு மட்டும் சுவரில் இருந்தது.

அதைப் பார்க்க வந்தவர்தான் செசிரா சொல்லும் "அந்தாள்". குவிரினோ மாஸ்டர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மனைவியை இழந்தவர், சைக்கிள் சங்கிலி கடிக்காமல் கால்சட்டை ஓரத்தில் துணி கிளிப் மாட்டிக்கொண்டே திரிகிறவர். லுசார்தி செய்த ரகங்களை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு சிறு புத்தகம் போடவேண்டும் என்று அவருக்கு ஆசை. ரயில் நேரங்களை எழுதி எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க முடியவில்லை போலும். ஒரு சனிக்கிழமை வந்து கதவைத் தட்டினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். மூன்றாம் சனிக்கிழமை செசிரா கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கதவு திறந்துதான் இருக்கும், பக்கத்தில் நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பேசிய காதல் பேச்சு இதுதான்:

"சிஞ்ஞோரா, என் கணக்குப்படி பதினொன்னுன்னு ஒரு ரகம், ‘தகைவிலான்’னு குருவி பேர்ல ஒரு ரகம். ரெண்டும் ஒரே வருஷம்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாஸ்டர். ராணுவத்துக்கு வித்தா பதினொன்னு. பணக்காரங்களுக்கு விளம்பரத்துல தகைவிலான். துணியைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். தன் பட்டியலில் ஒரு வரியை அடித்தார். அடுத்த வாரம் ஒரு புகைப்படம் கொண்டுவந்து காட்டினார். அதைப் பார்த்து ஆர்ஜியா தன் விரிப்பில் பதினாலையும் பதினைந்தையும் பிரித்து இடம் மாற்றித் தைத்தாள். அவள்தான் மாற்றி வைத்திருந்தாள். ஒருவர் தப்பை ஒருவர் திருத்தும்போது இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். சண்டை வந்தது ஒரே ஒரு கட்டத்தில்தான்.

"பதினாறு பிஸ்ஸுக்குத் தனி வரி வேணும் மாஸ்டர்."

"பிஸ்ஸுன்னா அதே விமானத்துல சின்ன மாற்றம். எஞ்சின் மாறும், சக்கரம் மாறும். எந்தக் கம்பெனியும் அதை அந்த ரகத்தோடயேதான் சேர்க்கும்."

"இது சின்ன மாற்றம் இல்ல. பதினேழு அது. பேருக்குப் பயந்து பிஸ்ஸாச்சு."

"நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா படமில்ல, வரைபடமில்ல, ஒரு கட்டைகூட இல்ல. என் கண்ணால பாக்காததை எழுதினா மத்த வரியெல்லாம் என்ன மதிப்பு?"

"இதோ இந்த அக்காவும்தான் தைச்சா. கேளுங்க."

"நான் சொல்றேன் மாஸ்டர்," என்றேன். "கை மட்டும்தான் நுழையும், முழங்கை போகாது."

அவர் எதையும் எழுதாமல் பட்டியலை மூடினார். ஆர்ஜியா அவருடைய தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க," என்றாள். அவள் குரலில் "வாங்க" இல்லை.

விஷயம் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் இந்த வருஷம் ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். பழைய தொழிற்சாலை வாசலில் கல் நடப்போகிறார்களாம். லுசார்தி விமானங்களை ஓட்டிப் பார்த்து இறந்தவர்களின் பெயர்களை அதில் வெட்டப்போகிறார்களாம். டிசம்பரில் லொரேட்டோ மாதா திருநாளன்று திறப்பு, அன்றே மாஸ்டருடைய புத்தகமும் வரும். குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? செசிராவின் வீட்டுக்காரர் அத்தீலியோ. மூன்று பெயர்கள் முடிவாகியிருந்தன. தெல்ஃபினோ இல்லை.

நானும் ஆர்ஜியாவும் கூட்டத்துக்குப் போனோம். அத்தீலியோ மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

"கோவிச்சுக்காதீங்க ஆர்ஜியா. மத்த மூணு பேரும் புது விமானத்தைச் சோதிக்கும்போது போனவங்க. உங்க வீட்டுக்காரர் போனது பழகின பதினாறுல. அவரைச் சேர்த்தா அந்த மூணு குடும்பமும் கேக்கும்ல?"

"அது பழகினது இல்ல. துணிக் கொட்டகையில இருந்தவங்களைக் கேளுங்க. உங்க வீட்டம்மாவையே கேளுங்க."

செசிரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. நான் சின்னப் பொண்ணு," என்றாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணை ஏமாற்றினோம், அதனால்தான் எண் பழி வாங்கியது என்று அப்போதே ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பழியில் பங்கு வாங்க யாருக்கும் மனசில்லை. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போடுகிறவளின் பேச்சை எழுதிக்கொள்ளக்கூட யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் அத்தீலியோ. "மாஸ்டரு புத்தகத்துல பிஸ்ஸு தனி ரகம்னு ஒரு வரி வரட்டும். வந்துட்டா உங்க வீட்டுக்காரர் பேரையும் வெட்டிடறோம்."

எல்லோரும் குவிரினோ மாஸ்டரைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வரி. வேறு எந்த ஆளாக இருந்தாலும் எழுதியிருப்பான். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போய், "பாக்காததை எழுத மாட்டேன்," என்றார். இவரோடு அவள் ஓடினாளாம்!

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆர்ஜியா தடுத்தாள். "திட்டாதேக்கா. பாக்காமலே எழுதினவங்களாலதானே நாம இப்படி நிக்கிறோம்?"

அதற்கப்புறம் மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. தென் அமெரிக்காவில், உருகுவாய் நாட்டில் அவருடைய தம்பி இருக்கிறார், போருக்கு முன்னாலேயே போனவர். அந்த நாட்டுக்கும் லுசார்தி விமானங்கள் போனதாகக் கேள்விப்பட்டுத் தம்பியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கோடையில் ஒரு சனிக்கிழமை, கிளிப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறி ஓடிவந்தார்.

"சிஞ்ஞோரா, ஒண்ணு இருக்கு! ஒரு மாட்டுப்பண்ணைக் கொட்டகையில, வைக்கோலுக்குப் பின்னாடி. இறக்கைத் துணி இன்னும் கிழியல. வால்ல லுசார்தி பதினாறுன்னு எழுதியிருக்காம்."

ஆர்ஜியா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "பதினாறா, பதினாறு பிஸ்ஸா?"

"பதினாறுக்குப் பின்னாடி பெயின்ட் உரிஞ்சு போயிருக்காம். தம்பிக்குப் பாத்துச் சொல்லத் தெரியல. அங்க சாதா பதினாறும் நிறையப் போயிருக்கு. நான் மறுபடி சொல்லி அனுப்புறேன், இறக்கையை அளந்து பாக்கச் சொல்றேன்."

"எங்க அளப்பாங்க? துணியை வெட்டாம உள்ள கை போகாது. வெட்டத் தெரியாம வெட்டினா மொத்தமும் கிழியும். அதுவுமில்லாம வால்ல பதினாறுன்னு எழுதியிருக்கே, அப்புறம் யாரு அளப்பாங்க? போன தடவையும் அதைத்தானே பாத்தாங்க?"

"அப்போ என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

"நான் போறேன்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பீன்ஸைக் கீழே கொட்டிவிட்டேன். பக்கத்து ஊர் வாரேஸே சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாதவள் அவள்.

தையல் மிஷினை விற்றது டிக்கெட்டுக்காக. மாஸ்டர் பணம் தருகிறேன் என்றார், வாங்க மறுத்தாள். தம்பி வீட்டில் தங்க ஏற்பாடு செய்தது மட்டும் அவர். தையலைப் பிரித்ததும் இறக்கைக்குள் தம்பி அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார், அந்தப் படம் வந்தால் எழுதிவிடுவேன் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். இவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த ரகசியம். செசிராவிடம் நான் இதை முன்பே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்?

கிளம்புகிற நாள் காலையில் போனேன். சுவர் வெறுமையாக இருந்தது. விரிப்பை மடித்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"உன்கிட்ட இருக்கட்டும்க்கா. கடல்காத்து பட்டா வார்னிஷ் பிசுபிசுக்கும்."

சின்னப் பெட்டிதான் எடுத்துக்கொண்டாள். அதில் இரண்டு உடுப்பு, காய்ந்த ஏரிமீன் கொஞ்சம், கத்தரிக்கோல், மெழுகு பூசிய நூல், அந்தக் காலத்து வளைந்த ஊசி. இறக்கையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வர மாட்டாளாம், பழையபடி தைத்து மூடிவிட்டுத்தான் வருவாளாம். துணிக் கொட்டகைக்காரி!

எனக்கு ஒரு கேள்வி தொண்டையில் இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன், வாய் நிற்கவில்லை.

"ஏண்டி, கையை விட்டுப் பாக்கிறே. முழங்கை வரைக்கும் போயிடுச்சுன்னா?"

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் போட்டு முடித்தபின் சொன்னாள்.

"போனா அது வேற பசு. அவ்வளவுதான். நான் கட்டின மாதாவும் அதுக்குள்ள இருக்க மாட்டா. தைச்சு மூடிட்டு வந்துடுவேன்."

"கல்லு?"

"கல்லுல மூணு பேரு இருக்கும். நான் அதும்முன்னாடி தலை நிமிந்துதான் நடப்பேன். ஆனா போய்ப் பாக்காம இங்க உக்காந்திருந்தேன்னா, அவங்களும் நானும் ஒண்ணுதானே?"

கீழே முற்றத்தில் மாஸ்டர் சைக்கிளோடு நின்றார், பெட்டியைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோக. பால்கடை வாசலில் செசிரா கையைத் துடைத்தபடி நிற்பதும் தெரிந்தது. ஆர்ஜியா கதவைத் தாண்டினாள். தாண்டியவள் நின்று திரும்பினாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நான் ஏப்ரன் ஓரத்தைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

"அக்கா, பாலு அடுப்புல இருக்கு. உனக்குத்தான் வச்சேன். பொங்கிடப்போகுது."

அடுப்பு எரிந்தது உண்மைதான். அதை மட்டும் செசிரா சரியாகச் சொன்னாள். ஆர்ஜியா படியிறங்குகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்ப் பாலை இறக்கினேன்.